"நம்ம பக்கம் இந்த நோயே கிடையாது" – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெருங்குடல் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையில், புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்குப்படி இந்தியாவில் இதன் விகிதம் குறைவு, ஆகவே எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்யும் திட்டம் நமக்கு இப்போது தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய சண்டை. என் மச்சானுக்கு வயது 53. ஒரு வருடமாக மலத்தில் ரத்தம் போகிறது. மூலம் என்று துத்தி இலை, லேகியம் எல்லாம் பார்த்தாயிற்று. தஞ்சாவூரில் டாக்டர் கொலோனோஸ்கோபி எடுக்கச் சொல்கிறார். என் மாமனாரோ, "நம்ம பக்கம் இந்த நோயே கிடையாது, கட்டுரையிலேயே போட்டிருக்கு" என்று உங்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் குடல் புற்றுநோயில் போயிருக்கிறார்கள். அவர்களை யார் கணக்கில் எழுதினார்கள்? எங்கள் ஊருக்கு யாரும் வந்து கேட்கவில்லை. இந்தப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம்?

கலியமூர்த்தி, வலங்கைமான்

அன்புள்ள கலியமூர்த்தி,

முதலில் மச்சான் விஷயம். அந்தக் கட்டுரை, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைக் கூப்பிட்டுச் சோதிப்பதைப் பற்றியது. ஸ்கிரீனிங் என்றால் அதுதான். ரத்தம் போகிறவருக்குச் செய்வது ஸ்கிரீனிங் இல்லை, என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை. அதற்கு எந்த மாவட்டத்துக் கணக்கும் குறுக்கே வரக் கூடாது. மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. என் பெயரைச் சொல்லியே மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கு. ஊருக்கு யாரும் வரவில்லை என்கிறீர்கள். வர மாட்டார்கள். பதிவேட்டு ஊழியர்கள் போவது ஆஸ்பத்திரிகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும்தான். 1982இல் சென்னை, மும்பை, பெங்களூருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் இது தொடங்கியது. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்துகிறது. மாநிலம் முழுவதற்குமான பதிவேடு 2012இல்தான் ஆரம்பம். நார்வேயில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ஆஸ்பத்திரியும் பரிசோதனைக் கூடமும் பதிவேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 11 இலக்க எண் உண்டு, ஆள் மாறாது. இங்கே பல இடங்களில் ஓர் ஊழியர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக் கையால் எழுதி எடுத்துவர வேண்டும்.

அவர் படும் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்பகோணத்தில் பயாப்ஸிக்கு, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு, வந்த நோயாளி எஸ். கோவிந்தராஜ். திருச்சியில் ஆபரேஷன் ஆனவர் எஸ். கோவிந்தராஜன். தஞ்சாவூரில் கதிர்வீச்சுக்கு வந்தவர் கோவிந்தராசு, இனிஷியலே இல்லை. மூவரும் ஒருவரா, மூன்று பேரா? பெண்களுக்கு ஒரு சீட்டில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். குடும்பப்பெயர் இல்லாத நம் வழக்கம் மற்றபடி நல்லதுதான், பதிவேட்டுக்காரருக்கு மட்டும் சாபம். வயது கேட்டால் "அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். அதனால் ஐம்பதிலும் அறுபதிலும் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். எந்த வயதில் சோதனையை ஆரம்பிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

நம் பக்கத்துக்கென்றே உள்ள பெரிய ஓட்டை முகவரி. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் வைத்தியத்துக்கு ஜிப்மர் போவார்கள், அடையாறு போவார்கள், வேலூர் போவார்கள். தாம்பரத்தில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்ப்பவர் சீட்டில் தாம்பரம் முகவரியைத்தான் கொடுப்பார். தபால் வர வேண்டுமே. நோய் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு வருடமாவது எங்கே குடியிருந்தார் என்று பார்த்து அந்த ஊர்க் கணக்கில் எழுத வேண்டும் என்பது விதி. கவுன்ட்டரில் அதைக் கேட்பவர் யார்? நம் வயலில் விளைந்த நெல்லை வியாபாரி வேறு மாவட்டக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் விளைச்சல் எந்தக் கணக்கில் ஏறும்? அதே கதைதான். உங்கள் தெருவின் இரண்டு பேரில் ஒருவராவது சென்னைக்காரராகப் பதிவாகியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல். விகிதம் என்றால் நோயாளிகளை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். கடைசியாகத் தலை எண்ணியது 2011இல், அடுத்தது 2027க்குப் போய்விட்டது. இடையில் இருப்பதெல்லாம் மதிப்பீடு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும் டெல்டா கிராமங்களை அந்த மதிப்பீடு எவ்வளவு சரியாகப் பிடிக்கும்?

பதிவேட்டை எடை போடுகிறவர்கள் பார்க்கும் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளிகளில் எத்தனை பேருக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் உறுதியானது? நூற்றுக்கு நூறு என்றால் பாராட்டத் தோன்றும். அவர்களோ சந்தேகப்படுவார்கள். பரிசோதனைக் கூடத்தை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பயாப்ஸி வரை போகாமலே இறந்த கிழவர்கள் விடுபட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்களைப் பிடிக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆனால் 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் காரணத்தை டாக்டர் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். தமிழ்நாடு அதைவிட மேல், என்றாலும் வீட்டில் நடக்கும் சாவுக்கு "வயோதிகம்" அல்லது "மாரடைப்பு" என்று எழுதி முடிப்பது நாம் அறியாததா?

இவ்வளவும் சொன்னதால் பதிவேடு பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்விக்குத் தகுந்த மாதிரிதான் நம்பிக்கை. இந்தியாவில் பெருங்குடல், மலக்குடல் இரண்டும் சேர்த்து லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 5 பேர், நார்வேயில் 40ஐ ஒட்டி. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகான கணக்கு இது. விடுபட்டவர்களைச் சேர்த்து நம் எண்ணை இரட்டிப்பாக்கினாலும் இடைவெளி மூடாது. ஆகவே நம்மிடம் நோய் குறைவு என்பது உண்மை. அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுநோய்களுக்கு மட்டும் ஸ்கிரீனிங் இருப்பதில் எனக்குக் குறையில்லை. குறைவு வேறு, கிடையாது வேறு. உங்கள் மாமனார் இடறியது அங்கேதான்.

ஆனால் ஸ்கிரீனிங் ஆரம்பித்து, அது பலன் தருகிறதா என்று கேட்டால் இந்தப் பதிவேட்டால் பதில் சொல்ல முடியாது என்பேன். 2022இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றைப் பாருங்கள். நார்வே, போலந்து, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையிலான 84,585 பேர். கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம். பத்து வருடம் கழித்துப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, அழைத்தவர்களில் 0.98 சதவீதம், அழைக்காதவர்களில் 1.20 சதவீதம். வித்தியாசம் ஆயிரத்துக்கு இரண்டு பேர்! மக்கள் பதிவேட்டிலிருந்து ஆட்களை எடுத்து, பத்து வருடம் கழித்து யாருக்கு நோய் வந்தது என்று புற்றுநோய்ப் பதிவேட்டில் தேடியதால் அது தெரிந்தது. (நெதர்லாந்தும் சேர்ந்திருந்தது, தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் அதன் கணக்கைச் சேர்க்க முடியவில்லை.) இங்கே இரண்டு கோவிந்தராஜ்கள் குழம்பினால் அந்த வித்தியாசமே காணாமல் போய்விடும்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் மலிவான சோதனையும் உண்டு. வெயிலில் மாதிரியில் உள்ள ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். இத்தாலியின் ஃப்ளோரன்ஸிலேயே கோடையில் அந்தச் சோதனை பிடிப்பது குறைந்தது. நம் அக்னி நட்சத்திரத்தில் சப்-சென்டர் (துணை சுகாதார நிலையம்) மேஜையில் இரண்டு நாள் கிடந்த மாதிரி "நெகட்டிவ்" என்று வந்தால் அதை நோய் இல்லை என்று எழுதிக்கொள்வதா?

உங்கள் மச்சானுக்கு ஒரு விஷயம். பரிசோதனை முடிந்ததும் "நார்மல்" என்ற ஒற்றை வார்த்தையோடு ரிப்போர்ட்டை வாங்கி வராதீர்கள். பெருங்குடலின் ஆரம்பமான சீக்கம் வரை குழாய் போனதா, குடல் சுத்தமாக இருந்ததா என்று இரண்டும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். முந்தின நாள் குடிக்கக் கொடுக்கும் பேதி மருந்தை ருசி பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் வைத்தால் இன்னொரு நாள் திரும்ப வரச் சொல்வார்கள்.