கேளுங்கள் சொல்கிறோம்: அலைவழிக்குழாயில் சஃபையர்

கேள்வி: ஒரே சஃபையர் (நீலக்கல் படிகம்) கட்டியில் வேறுவேறு திசையில் வெட்டிய இரண்டு துண்டுகளை 22.86 × 10.16 மிமீ அலைவழிக்குழாயில் (நுண்ணலைகளைக் கடத்தும் செவ்வக உலோகக் குழாய்) வைத்து 10 கிகாஹெர்ட்ஸில் அளந்தேன். மின்காப்பு மாறிலி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்ற எண்) ஒன்றில் 9.0, மற்றதில் 11.0. புத்தகத்தில் 9.4, 11.6 என்று இருக்கிறதே?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, கிளமெண்டி

பதில்: இரண்டு எண் வருவது சரிதான். சஃபையரின் மாறிலி திசைக்குத் திசை மாறும். படிக அச்சு நெடுகில் 11.6, குறுக்கே 9.4. உங்கள் குழாயின் முதல் அலைவகையில் (அலை குழாய்க்குள் பரவும் மிக எளிய வடிவம்) மின்புலம் ஓர் அகலச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நேராகப் போகிறது. அந்தத் திசையின் மாறிலி மட்டுமே அளவில் தெரியும்.

இரண்டுமே குறைந்ததற்குக் காரணம், பெரும்பாலும் காற்றிடைவெளி. துண்டுக்கும் அகலச் சுவருக்கும் இடையே மொத்தம் 0.05 மிமீ இருந்தாலே 11.6 என்பது 11.0 ஆகும், 9.4 என்பது 9.0 ஆகும். கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்! அகலச் சுவரைத் தொடும் இரு முகங்களிலும் வெள்ளிப் பசையை மெல்லியதாகப் பூசி, இடைவெளியை அடைத்து மீண்டும் அளந்து பாருங்கள். குறுகிய சுவர்ப் பக்க இடைவெளி அவ்வளவு பாதிக்காது. அங்கே மின்புலம் ஏறக்குறைய பூஜ்யம்.

குழாய் நெடுகில் துண்டின் தடிமனையும் பாருங்கள். 11.6 துண்டுக்குள் அலைநீளம் சுமார் 9 மிமீ. தடிமன் 4.5 மிமீ என்றால் துண்டிலிருந்து திரும்பும் அலை மறைந்து கணக்கு தாறுமாறாகும், 2.2 மிமீ நல்லது.

அச்சு சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் மட்டும் இந்த எளிய கணக்கு உதவாது. அலைவகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.