ஏற்காட்டு வளைவுகளுக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5, முதல் தலைமுறை வண்டி வைத்திருக்கிறேன். டயர் 185/60 ஆர்14. பெட்ரோல் பங்கில் எல்லாக் காருக்கும் வைக்கிற மாதிரி காற்று 35 வைத்துவிடுகிறார்கள். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் தார் பெயர்ந்த இடம் வந்தால் வண்டி பக்கவாட்டில் தத்துகிறது. டயரின் நடுப்பகுதியும் வேகமாகத் தேய்கிறது. சரியான அளவு என்ன?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 35 உங்கள் வண்டிக்கு மிக அதிகம். இந்த டயர் அளவுக்கு மாஸ்டா சொல்வது முன்னும் பின்னும் 26 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு). "இவ்வளவு குறைவா?" என்று பங்கில் கேட்பார்கள், தயங்க வேண்டாம். வண்டியின் எடை ஆயிரம் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அது முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாக விழுகிறது. இருவர் உட்கார்ந்தாலும் ஒரு சக்கரத்தின் மேல் வரும் சுமை 280 கிலோ அளவில்தான் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து 82 என்ற எண் இருந்தால், அந்த டயர் 475 கிலோ வரை தாங்கும் என்று பொருள். இவ்வளவு லேசான வண்டிக்கு 35 வைத்தால் டயர் பந்துபோல் உப்பி, நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். நீங்கள் சொன்ன தேய்மானம் அதனால்தான். சிறு பள்ளத்தையும் டயர் உள்வாங்காமல் துள்ளும். வளைவில் துள்ளுகிற அந்த நொடியில் பிடிப்பு இல்லை, வண்டி வெளிப்பக்கம் நகர்கிறது.

முதலில் சொந்தமாக, காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்குங்கள். 0 முதல் 60 வரை காட்டும் டயல் கேஜ் போதும், உங்களுக்கு வேண்டிய எண் அதன் நடுப்பகுதிக்கு அருகில் வரும். பங்குக்குப் பங்கு மீட்டர் மாறும், உங்கள் கேஜ் மாறாது.

அளப்பது எப்போதும் ஆறிய டயரில். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். அதிகாலைதான் சிறந்த நேரம். வெயில் ஏறிய பிறகு, வெயில் படும் பக்கத்து டயர் நிழல் பக்கத்தைவிட இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதை நம்பிச் "சமன்" செய்தால் மாலையில் இரண்டு பக்கமும் வேறு வேறாகிவிடும்.

நான்கிலும் 26 வைத்து ஒருமுறை மலை ஏறி இறங்குங்கள். அடுத்த முறை 28. பிறகு 30. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்பீஸ் சோதனை: டயரின் ஓரத்திலிருந்து பக்கச் சுவரில் இரண்டு விரல் அகலம் வரை கோடு போடுங்கள். பல டயர்களில் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். சில வளைவுகள் கடந்து, அகலமான இடத்தில் ஓரம்கட்டிப் பாருங்கள். கோடு முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச் சுவரில் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. முனையைத் தொடவே இல்லையென்றால் காற்று அதிகம். இதற்காக வேகம் கூட்ட வேண்டியதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே பஸ் வரும், ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. வழக்கமாக ஓட்டும் வேகத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய பதில்.

சூட்டில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் ஒரு துப்பு. ஆறிய நிலையிலிருந்து 3 அல்லது 4 பி.எஸ்.ஐ. ஏறினால் தொடங்கிய அளவு சரி. ஆறு, ஏழு என்று ஏறினால் காற்று குறைவாக இருந்து டயர் அதிகம் நெளிந்து சூடாகியிருக்கிறது. இதை ஏற்காட்டில் நின்று அளந்தால் கணக்கு தப்பும். சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயருக்குள் எதுவும் மாறாமலேயே கேஜ் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். மேலே அளந்தால் இரண்டைக் கழியுங்கள், அல்லது இறங்கி அடிவாரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

குளிர் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். 26 வைத்த டயரில் ஏழரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். மே மாத அதிகாலையில் சேலத்தில் 26 வைத்துக்கொண்டு போய் ஏற்காட்டில் இரவு தங்கினால், மறுநாள் காலை 27 போலக் காட்டும். அதைத் தொடாதீர்கள். அங்கே ஒன்றைக் குறைத்தால் கீழே வந்ததும் ஒன்று குறைந்தே நிற்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது இதைவிடப் பெரிய தவறு.

எங்கள் பரிந்துரை: அன்றாடச் சாலைக்கும் மலைக்கும் சேர்த்து 27 அல்லது 28, நான்கிலும் ஒரே அளவு. முன்பக்கம் வளைவில் வெளியே ஓடுவதாகத் தோன்றினால் முன்னால் மட்டும் ஒன்று கூட்டிப் பாருங்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டி இது. பின்னால் அதிகம் வைத்தால் மழையில் வால் வெட்டும்.

இன்னொன்று, இது காற்றைவிட முக்கியம். பழைய வண்டி அதிகம் ஓடாது, டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல்கட்டைகள்) தேயாமல் இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டியாகியிருக்கும். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் டயர் கடையில் காட்டுங்கள். பத்து தாண்டினால் எந்த அளவு காற்றும் அதைக் காப்பாற்றாது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சேலம் வெயிலில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: வைக்காதீர்கள். வெடிப்புக்கு வழி திறப்பதே குறைந்த காற்றுதான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து உள்ளேயே சூடாகும், உள்ளிருக்கும் அடுக்குகள் பிரியும். வெயிலால் ஏறும் நான்கைந்து பி.எஸ்.ஐ.க்கு டயர் தயாராகவே செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, அதிகாலையில், ஆறிய டயரில் வையுங்கள். பெங்களூர் போக நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால், அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனி எண் இருக்கும், அதை வையுங்கள். பக்கச் சுவரில் அச்சிட்ட 44, 51 போன்ற எண்கள் டயரின் உச்ச வரம்பு, உங்கள் காருக்கான அளவு அல்ல.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் நல்லதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதில் உண்மையான லாபம், ஈரம் இல்லாததுதான். கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்கிற கடையில் அடித்தால் அதே பலன் பெரும்பாலும் கிடைக்கும். எதை அடித்தாலும் மாதம் ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. இறங்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள், வால்வு மூடியைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.