கல்லாவில் யார் கை?

வணக்கம் அக்கா,

தினத்தண்டல் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மகள் வாசித்துக் காட்டினாள். நாள் வட்டிக்கு வாங்குகிற பெண் தன் கடைக்குத் தானே குழி வெட்டுகிறாள் என்று முடித்திருந்தீர்கள். கோபம் வந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மதுரையில் வீட்டு வாசலிலேயே இட்லி மாவுக் கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. தினம் 12 கிலோ அரிசி, 3 கிலோ உளுந்து. மாவு கிலோ 40 ரூபாய். அன்று எந்த கிரைண்டரோ இன்றும் அதே கிரைண்டர். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். என் பெயரில் இரண்டு குழு லோன். ஒன்று ஆட்டோவுக்கு இன்ஜின் வேலை பார்த்ததில் போய்விட்டது. இன்னொன்று கடைக்கென்று வாங்கி நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனது. இது போக தண்டல். 8,500 கையில் தருவார், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் உளுந்து மூட்டையாக எடுக்கிறேன். தினம் 100 ரூபாய் நானே எடுத்து வைத்தால் வீட்டில் தங்குமா? தண்டல்காரர் இல்லாவிட்டால் என் கடையை எப்போதோ மூடியிருப்பேன்.

பயிற்சி வகுப்பில் ஒரு மேடம், பெண்களுக்குத் துணிச்சல் போதாது, அதனால்தான் கடை வளர மாட்டேன் என்கிறது என்றார். டில்டிங் கிரைண்டருக்கு பேங்கில் கேட்டால் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். கடையில் ஒட்டியிருக்கிற ஜிபே ஸ்டிக்கர்கூட அவர் நம்பரில்தான் இருக்கிறது. எனக்கு டச் போன் வந்ததே போன வருஷம்தான். தப்பு என்னிடமா அக்கா?

(பெயர் வேண்டாம்), மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கோபப்பட்டு எழுதியதற்கு நன்றி. பாராட்டிக் கடிதம் எழுதுகிறவர்கள் கணக்கு எழுதி அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்தே பேசுவோம்.

முதலில் வட்டி. 8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நூறு நாளும் 8,500 உங்கள் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே 100, 100 ஆகக் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வட்டி. தண்டலைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. கீழமாசி வீதி மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்தால், தெருமுனை மளிகைக் கடையில் கிலோ கிலோவாக வாங்குவதைவிட கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 3 கிலோவுக்கு 30 ரூபாய். நூறு நாளில் 3,000. தண்டலுக்குப் போனது 1,500, உங்களுக்கு நின்றது 1,500. 120 சதவீத வட்டி கட்டியும் லாபம்தான். ஆக, கணக்குத் தெரியாமல் நீங்கள் தண்டல் வாங்கவில்லை.

ஆனால் 50 கிலோ மூட்டை உங்களுக்குப் பதினாறு, பதினேழு நாளில் தீர்ந்துவிடும். தீரும் அன்றைக்கு அடுத்த மூட்டைக்கான பணம் கல்லாவில் இருந்தால்தான் இந்த 3,000 வரும். முதல் மூட்டை முடிந்ததும் பழையபடி மளிகைக் கடைக்கே போனால் மிச்சம் வெறும் 500, கட்டிய வட்டி 1,500. அடுத்த மூட்டைக்குப் பணம் நிற்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் "வீட்டில் தங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெண்கள் கடை ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு ஒரு ஆராய்ச்சி உண்டு. சுனாமிக்கு மறுவருஷம், 2005இல், இலங்கையின் தென்கரையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுமார் 400 சிறு தொழில்களை எடுத்துக்கொண்டார்கள். தையல், பலகாரம், பெட்டிக்கடை, பழுது பார்ப்பது என்று எல்லாம் நம் ஊர்ப் பிழைப்புதான். குலுக்கல் போட்டு, சிலருக்கு 10,000, சிலருக்கு 20,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். கடனாக இல்லை, சும்மா. பிறகு பல மாதங்கள் லாபத்தைக் கணக்கெடுத்தார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவர் செய்த வேலை. ஆண்கள் நடத்திய கடைகளில் லாபம் நன்றாகவே ஏறியது. பெண்கள் நடத்திய கடைகளில் சராசரியாக ஒன்றும் ஏறவில்லை.

இது வெளியானதும் உங்கள் பயிற்சி வகுப்பு மேடத்தைப் போலப் பேச உலகம் முழுக்க ஆட்களுக்கு வசதியாகப் போயிற்று. பெண்ணுக்குத் தொழில் புத்தி கிடையாது, துணிச்சல் கிடையாது, பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சி என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மகளிர் தினத்துக்கு மண்டபம் பிடித்து, கோலப் போட்டி வைத்து, தக்காளிச் சாதம் போட்டு, வரிசையில் நிற்க வைத்து ஒரு போட்டோ.

பத்து ஆண்டு கழித்து வேறு நால்வர் அதே இலங்கைக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கூடவே இந்தியாவிலும் கானாவிலும் நடந்த இதே மாதிரியான ஆய்வுகளின் கணக்குகளையும் வைத்துக்கொண்டார்கள். 2019இல் வந்த கட்டுரை. அவர்கள் கேட்ட கேள்வி எளிது: அந்த வீட்டில் வேறு யாருக்காவது தொழில் இருக்கிறதா? புருஷனுக்கும் ஒரு தொழில் இருக்கிற வீட்டில், பெண்ணுக்குக் கொடுத்த பணம் அவர் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் அவள் கடை ஒன்றுதான் தொழில் என்றால், அவள் ஈட்டிய லாபம் ஆண்களுடையதற்குச் சளைத்ததாக இல்லை. பணம் வீணாகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் தோற்றதாகத் தெரிந்தது.

உங்கள் ஆட்டோ இன்ஜினும் இதுதான். உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்ல வரவில்லை. வண்டி நின்றால் வீட்டில் ஒரு வருமானம் நிற்கும், மாவுக் கடையைவிட ஆட்டோவில் அதிகம் வரலாம், அப்போது பணம் அங்கே போவது புத்திசாலித்தனம்கூட. என் சண்டை வேறு. கடன் உங்கள் பெயரில், ஆர்.சி. புக் அவர் பெயரில். வாரா வாரம் தவணை கட்ட குழுவின் சென்டர் மீட்டிங்கில் போய் உட்காருகிறவர் நீங்கள். ஒரு வாரம் தவறினால் குழுவில் மற்ற பெண்கள் முன்னால் தலைகுனிகிறவரும் நீங்கள். நாளைக்கு வண்டியை விற்றால் அந்தப் பணத்தில் உங்கள் 'இன்ஜின் லோன்' எங்கேயும் எழுதியிருக்காது. சிறுகடன் வந்ததால் பெண் கை ஓங்கியதா என்று ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு கூடியதாக அதில் தெரியவில்லை. பணம் அவள் வழியாகப் போய்விட்டால் எப்படிக் கூடும்?

தண்டல்காரருக்கு மறுபடி வருகிறேன். அவரை நீங்கள் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்றால் அந்த 100 ரூபாயை வீட்டில் யாரும் கேட்க முடியாது. "தண்டலுக்கு வச்சிருக்கேன்" என்றால் மாமியாரும் வாயை மூடிக்கொள்வார், மகனும் பேசாமல் போய்விடுவான். "உளுந்துக்கு வச்சிருக்கேன்" என்றால் யாராவது விடுவார்களா? கல்லாவுக்கு அவர் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கு நூறு நாளைக்கு 1,500 வாடகை கொடுக்கிறீர்கள்.

இது உங்களோடு நிற்கிற விஷயம் இல்லை. விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்குகிற ஒரு பெண்ணைப் பற்றி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 220 கட்டம் போட்ட அட்டை. ஒரு கட்டத்துக்கு 5 ரூபாய். எல்லாக் கட்டமும் நிரம்பினால் 1,100 சேர்ந்திருக்கும், அவர் 1,000 திருப்பித் தருவார். 100 ரூபாய் அவர் கூலி. சேமிக்கிறவரே வட்டி கட்டுகிற மாதிரி! ஆனால் அந்தப் பெண்களுக்கு அது லாபம், ஏனென்றால் வீட்டில் வைத்தால் அந்த 1,000கூட இருக்காது. கானாவின் சந்தைகளில் சுசு என்று இதே ஏற்பாடு. மாதம் முழுக்கத் தினம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் பணத்தைக் கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நம் தெருச் சீட்டும் பாதி இதற்குத்தான். அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களுக்காக இலா பட் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்கள் 1974இல் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு, 4,000 பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வங்கியே ஆரம்பித்தார்கள். அங்கே காய்கறி விற்கிறவர்களும் பழைய துணி வியாபாரம் செய்கிறவர்களும் கடன் எவ்வளவு கேட்டார்களோ, பணத்தைப் பத்திரமாக வைக்க ஓர் இடமும் அவ்வளவு கேட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு பாஸ்புக்கில் போட்டோ ஒட்டிக் கொடுத்தது அந்த வங்கி.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது, தண்டலை விடுவதற்கு முன்னால் வேறு பூட்டு ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்டிக்கரை முதலில் மாற்றுங்கள். குழு லோனுக்காகத் திறந்த கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, டச் போனும் வந்துவிட்டது. அந்தக் கணக்கில் உங்கள் போன் நம்பர் சேர்ந்திருக்கிறதா என்று பேங்கில் பார்த்துவிட்டு, அதே நம்பரில் புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுங்கள். இன்று உங்கள் மாவுக்கு ஜிபேயில் வருகிற பணம் ஒரு நிமிஷம்கூட உங்கள் கையில் நிற்காமல் அவர் கணக்கில் விழுகிறது. கல்லாவில் ஒரு பங்கு உங்கள் கையை விட்டே போய்விட்டது என்று அர்த்தம். இதற்கும் உகாண்டாவில் ஒரு பரிசோதனை நடந்தது. கம்பாலாவில் குழுக் கடன் வாங்குகிற பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பணத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், அவரவர் பெயரில் தொழிலுக்கென்று திறந்த செல்போன் கணக்கில் போட்டார்கள். மாற்றியது அது ஒன்றைத்தான். எட்டு மாதத்தில் அவர்கள் லாபம் மற்றவர்களைவிட 15 சதவீதம் அதிகம்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து நான் 'உரிமையைக் கேளுங்கள்' என்று எழுதுவது சுலபம், ராத்திரி அந்த வீட்டில் இருக்க வேண்டியவர் நீங்கள். "மாவுக் கணக்கும் ஆட்டோக் கணக்கும் கலந்து போகுது, லோனுக்கு பேங்குல கணக்கு ஸ்டேட்மென்ட் கேக்குறாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை. பெரிய லோனுக்குப் போனால் நிஜமாகவே கேட்பார்கள்.

கடன் நோட்டில் வாடிக்கையாளர் பாக்கி எழுதுகிறீர்கள் அல்லவா, அதிலேயே 'வண்டி' என்று ஒரு பக்கம் போடுங்கள். ஆட்டோவுக்கு எடுத்தது, வண்டியிலிருந்து திரும்ப வந்தது. 'வீடு' என்று இன்னொரு பக்கம். சண்டை போட வேண்டாம், எழுதினால் போதும். உங்களுக்கும் ஒரு நாள் கூலி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிலோ 40 ரூபாய்க்குக் கட்டுமா, 45 ஆக்க வேண்டுமா என்பது அதற்கப்புறம்தான் தெரியும். உங்கள் கூலியைக் கழிக்காமல் பார்க்கிற லாபம் எல்லாம் கூலிதான்.

டில்டிங் கிரைண்டரை வாரத் தவணைக் கடனில் வாங்காதீர்கள். புது மெஷின் வந்த முதல் வாரமே மாவு இரண்டு மடங்கு விற்காது, புதுக் கடைகள், மெஸ்கள் என்று ஆள் பிடிக்க மாதங்கள் ஆகும். தவணையோ உடனே தொடங்கிவிடும். கொல்கத்தாவில் சில பெண்களுக்கு முதல் தவணையை வழக்கம்போல் இரண்டு வாரத்தில் வைக்காமல் இரண்டு மாதம் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்று ஆண்டு கழித்து அவர்களுடைய வார லாபம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடியிருந்தது. கட்டத் தவறியவர்களும் அந்தப் பக்கம் அதிகம், அதையும் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கிறவர்கள் வாரத் தவணையை ஏன் விடுவதில்லை என்பதற்கு அதுதான் காரணம். ஆனாலும் 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, சிறுகடன் வாங்குகிறவர் தேவைக்கேற்ப வாரமா, மாதமா என்று தவணையை வைத்துக்கொள்ள நிறுவனங்கள் இடம் தர வேண்டும். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் கேட்டு வரக் கூடாது. சென்டர் மீட்டிங்கில் மாதத் தவணை உண்டா என்று கேளுங்கள்.

அதுவரை கிரைண்டருக்கு போஸ்ட் ஆபீஸில் மாதா மாதம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்பு ஒன்று போடலாம். பல ஊர்களில் பெண் ஏஜென்ட்டுகள் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். பூட்டுக்கு நீங்கள் வாடகை தர வேண்டாம், அவர்களே வட்டி தருவார்கள். ஐந்து வருஷத் திட்டம் என்பதால் உளுந்துக்கு ஆகாது, மெஷினுக்கு ஆகும். கட்டும்போதெல்லாம் பாஸ்புக்கில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து விஷயம். கல்யாணமான பெண் தொழில் கடன் வாங்கக் கணவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிறு தொழிலுக்கு 10 லட்சத்துக்குள் வாங்குகிற கடனுக்குப் பிணையாகச் சொத்து கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், மகளை வைத்துப் போனிலேயே செய்துவிடுங்கள், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் ஆறு மாதம் மாவுப் பணம் விழட்டும். அந்த ஸ்டேட்மென்ட்டோடு போய் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்கிற பல விதிகள் எழுதச் சொன்னால் காணாமல் போய்விடும். அப்படியும் நகரவில்லை என்றால் வங்கிக்கே ஒரு புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ 14448க்கு போன் செய்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று சொல்வார்கள்.