உளவளத்துணைக்குப் போகுமுன்: புதுக்குடியிருப்பு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 44. புதுக்குடியிருப்புப் பக்கம் வசிக்கிறேன். 2009இல் காணாமல் போன கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சில வருடங்களாக நித்திரை குறைவு, நெஞ்சுப் படபடப்பு. வைகாசி பிறந்தால் இரண்டும் கூடிவிடும். வவுனியாவில் தனியாராக உளவளத்துணை செய்யும் ஒருவரிடம் போகும்படி அக்கா சொல்கிறார். ஓர் அமர்வுக்கு 3,000 ரூபாவாம். போகலாமா? முன்கூட்டியே என்னென்ன அறிந்திருக்க வேண்டும்?

பதில்: சகோதரி, போகலாம். ஆனால் அதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும், மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கினாலும் நீங்கள் சொல்லும் இதே படபடப்பும் நித்திரையின்மையும் வரும். ஆகவே முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இரத்தப் பரிசோதனையும் ஈ.சீ.ஜீ.யும் தேவையா என்று கேளுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடலில் ஏதாவது குறை கண்டுபிடிக்கப்பட்டாலும் உங்கள் மனச்சுமை பொய்யாகிவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே வைத்தியம் உண்டு.

அடுத்து, நீங்கள் போகவிருப்பவர் யார் என்பதை விசாரியுங்கள். உளமருத்துவர் என்பவர் வைத்தியராகப் பயின்று, பின்னர் உளநோய்த் துறையில் மேற்படிப்பு முடித்தவர், மாத்திரை எழுதக்கூடியவர், இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவர். உளவளத்துணையாளர் பேச்சின் வழியாக உதவுபவர். மாத்திரை எழுதுவது அவருடைய வேலை அன்று. அந்தப் பெயரில் பல வருடம் படித்தவரும் இருப்பார், சில நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவரும் இருப்பார்; வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. போருக்குப் பின் வன்னியில் குறுகிய பயிற்சியோடு வேலை செய்த உளசமூகப் பணியாளர்கள் சிலரிடமிருந்து நானே கற்றிருக்கிறேன். ஆனால் அவர்களுக்குச் சிக்கலான வேளையில் கேட்டுத் தெளிய ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். எனவே எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள், உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் யார், உங்களால் இயலாத கட்டம் வந்தால் என்னை எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நல்லவர் இக்கேள்விகளால் முகம் சுளிக்கமாட்டார். மூன்று அமர்வில் முழுச் சுகம் என்று வாக்குக் கொடுப்பவரிடம் மறுபடி போகவேண்டாம்.

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கவேண்டும் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. அது தேவையில்லை. பேரிடர் நடந்த கையோடு ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. உங்களைப் போல் வருடங்கள் கடந்தவர்களுக்கு அந்த நாட்களின் நினைவுக்குள் சென்று செய்யும் சிகிச்சைகள் உண்டு, அவை பயனும் தரும். ஆயினும் மூச்சை நிதானப்படுத்தவும், பயம் ஏறும்போது நிற்கும் நிலத்தைக் கால்களால் உணரவும் முதலில் பழக்கிவிட்டுத்தான் பக்குவமுள்ள ஒருவர் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்பார்.

உங்கள் கணவரின் விடயத்தில் நான் கூடுதலாக எச்சரிக்கை செய்கிறேன். இறந்தவருக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எந்தச் சடங்கும் இல்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதற்குக்கூட ஊர் ஆளுக்கொரு பதில் சொல்லும். உடலும் செய்தியும் இல்லாத இந்த இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் பெயரிட்டு ஆராய்ந்தார்; அவருடைய வழியில் சிகிச்சை செய்பவர், காத்திருப்பவரை ஒரு முடிவுக்குத் தள்ளமாட்டார். கணவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டால்தான் குணமாகும் என்று ஒருவர் வற்புறுத்தினால், அவருக்கு இந்த இழப்பின் தன்மை விளங்கவில்லை என்று கொள்ளுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீங்கள் நேர்த்தி வைத்திருந்தால், அதைக் கேலி செய்பவரும், நேர்த்தியே போதும் என்பவரும் எனக்கு ஒன்றுதான். வைகாசியில் உபாதை கூடுவது பலருக்கும் நிகழ்வது. அந்த மாதத்தில் அமர்வுகளை நெருக்கமாக வைக்க முடியுமா என்று முன்பே பேசிவையுங்கள்.

இரகசியம் காப்பது நகரத்தைவிட இங்கே கடினம். வவுனியாவில் நீங்கள் பஸ்ஸால் இறங்கும்போதே தெரிந்தவர் ஒருவர் நிற்பார். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் என் மேசைக்கும் காத்திருப்போரின் வாங்குக்கும் நடுவே ஒரு துணித்திரை மட்டுமே இருந்தது. பேசிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் மகனின் பெயரை விழுங்கிவிட்டு, மழை எப்போது வரும் என்று என்னிடம் கேட்பார். ஆகவே கதவு மூடுமா என்று பாருங்கள். உளவளத்துணையாளர் உங்கள் உறவினருக்கோ அயலவருக்கோ நெருக்கமானவரா என்றும் விசாரியுங்கள்; அப்படியானால் வேறொருவரைத் தேடுவது நல்லது. குறிப்பு எழுதுவாரா, அது எங்கே பூட்டப்படும், வெளியார் எவராவது கேட்டால் என்ன செய்வார் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். வெளியார் விசாரிப்பார்களோ என்ற பயம் எங்கள் சனத்துக்குக் காரணமில்லாமல் வந்ததன்று. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை போன்ற நிலைகளில் இரகசியம் தளர்த்தப்படலாம். அந்த எல்லையை அவர் முதல் நாளே சொல்லவேண்டும்.

பணக் கணக்கு: இவ்வகைச் சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு வரை செல்லும். 12 என்றால் 36,000 ரூபா. பஸ் செலவும் இழக்கும் நாட்கூலியும் வேறு. நான்காவது அமர்வில் இருவரும் இருந்து முன்னேற்றத்தைப் பார்ப்போம் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கைக்கு எட்டாது என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவும், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரும் இலவசமாகவே பார்ப்பார்கள்.

ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுப்பவராக இருந்தால், எழுதிய வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடவும் வேண்டாம். உயிரை விடலாம் என்ற நினைவு வந்தால் அடுத்த அமர்வு வரை பொறுத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அந்நாட்களில் வீட்டில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல் இருந்தால் அதை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்விகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் அக்காவும் வரட்டும்; அறைக்குள் மட்டும் நீங்கள் தனியே போங்கள், அவர் முன்னால் சொல்ல முடியாதவையும் உங்களிடம் இருக்கக்கூடும்.