பழைய கூட்டாளியின் சர்வருக்குள் நுழைந்தது குற்றமா?

கேள்வி: நானும் நண்பரும் ஆறு வருடமாக ஆன்லைனில் கடை நடத்தினோம். சர்வர், நெட்வொர்க் எல்லாம் எங்கள் பராமரிப்புதான். பாதி ராத்திரியில் சர்வர் படுத்தால் எழுந்து உட்கார்ந்தது நான். டொமைனும் (கடையின் இணைய முகவரி) சர்வர் கணக்கும் அவர் பெயரில், பணம் போனது என் கார்டிலிருந்து. கூட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. போன மாதம் சண்டை முற்றியதும் பாஸ்வேர்டுகளை மாற்றி என்னை வெளியே தள்ளிவிட்டார். பேக்கப் சர்வரில் மட்டும், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விடும் என் எஸ்எஸ்எச் சாவியை நீக்க மறந்துவிட்டார். அதன் வழியே போய் வாடிக்கையாளர் டேட்டாபேஸை நகல் எடுத்துக்கொண்டேன். இப்போது ‘ஹேக் செய்தாய்’ என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் மீது நான் புகார் கொடுக்கலாமா? அந்தப் பட்டியலை வைத்துப் புதுக் கடை தொடங்கலாமா? சாவி இன்னும் வேலை செய்கிறது, யார் எப்போது நுழைந்தார் என்று சர்வர் குறித்து வைத்திருக்கும் லாக்கை அழித்துவிடட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி நண்பரின் துரோகம் பற்றியது. அதைத் தள்ளி வைத்துவிட்டேன், நீதிமன்றமும் அதைத்தான் செய்யும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கு அந்த சர்வருக்குள் போக உங்களுக்கு அனுமதி இருந்ததா?

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் நுழைவதையும் நகல் எடுப்பதையும் சொல்கிறது. அனுமதி உள்ளவரை நுழைய விடாமல் தடுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. சாவி திறந்தது என்பதாலேயே அனுமதி இருந்ததாக ஆகாது. கார்டு உங்களுடையது என்பதால் சர்வரும் உங்களுடையது ஆகிவிடாது, சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாடிக்கையாளர். ஆனால் ‘பொறுப்பில் இருப்பவர்’ என்ற சொல் உங்களுக்குக் கை கொடுக்கும். ஆறு வருடம் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டது நீங்கள்தான் என்பதற்கு ஹோஸ்டிங் நிறுவனத்தோடு நடந்த மெயில்கள், பில்கள், நண்பரே உங்களுக்கு அனுப்பிய ‘சர்வர் போச்சு, பார்’ மெசேஜ்கள் எல்லாம் சாட்சி. பாஸ்வேர்டை மாற்றிய நாளோடு அந்தப் பொறுப்பு முடிந்தது என்று அவர் தரப்பு சொல்லும். அங்கேதான் வழக்கே நிற்கும். உங்களை வெளியே தள்ளியதும் 43-க்குள் வரும் என்று நாமும் வாதாடலாம்.

43 மட்டும் என்றால் இழப்பீட்டோடு போகும். அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, நகல் எடுத்தபோது உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதுதான் உங்களைக் காப்பாற்றவோ கவிழ்க்கவோ போகிறது. ‘தொழிலின் தரவு அழிந்துவிடக் கூடாது என்று எடுத்து வைத்தேன்’ என்பது இன்றுவரை நிற்கக்கூடிய பதில்.

அடுத்த வாரம் அந்தப் பட்டியலுக்கு ‘எங்கள் புதுக் கடைக்கு வாருங்கள்’ என்று ஒரு மெயில் போனால் அந்தப் பதில் செத்தது. என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். உள்ளே போன அன்றைக்கு அவர்கள் மேல் வழக்கே நின்றிருக்காது. அப்புறம் அனுப்பிய ஒரு விளம்பர மெயிலை எதிராளியின் வக்கீல் முதல் ஆவணமாக வைப்பார், நோக்கம் என்ன என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது போக, அந்த மக்கள் போன் எண் கொடுத்தது அந்தக் கடையில் பொருள் வாங்க, உங்கள் புதுக் கடைக்காக இல்லை. ஆகவே அந்த நகலைத் திறக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். நகல் பிறகு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டு, டிரைவை உறையில் போட்டு முத்திரை வைத்து உங்கள் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

லாக்கை அழிக்கும் யோசனையை இந்த வரியோடு மறந்துவிடுங்கள். ஆதாரமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். அழித்தாலும் பயனில்லை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி சேவை நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், உங்கள் ஐபி முகவரி அங்கே பத்திரமாக இருக்கும். ‘சான்றிதழ் இல்லாத லாக் செல்லாது’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க அதற்கான சான்றிதழ் கட்டாயம் என்று சொன்ன அதே 2020 தீர்ப்பில், விசாரணை முடியும்வரை அதைத் தாக்கல் செய்ய உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது.

66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தானே என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். சரி, உங்களுக்கு ஜாமீன் கிடைக்கும். உங்கள் லேப்டாப்புக்கு யார் ஜாமீன் எடுப்பது? அதுவும் போனும் ஹார்டு டிஸ்க்கும் தடயவியல் ஆய்வகத்துக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்பாது. ஒற்றை ஆளாகக் கடையும் சர்வரும் நடத்துகிறவருக்குத் தண்டனை தீர்ப்புக்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

புகார் கொடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் உங்கள் புகாரும் அவர் புகாரும் ஒரே மேஜையில் கிடக்கும், அவருடையதில் லாக் இருக்கும். சிவில் பக்கமும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. கூட்டைப் பதிவு செய்யாததால், கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 69-ஆம் பிரிவு ஒப்பந்த உரிமையைக் கேட்டுக் கூட்டாளி மீது வழக்குப் போட விடாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதனால் பேசித் தீருங்கள். அவரிடம் டொமைன் இருக்கிறது, ஆனால் கடையை ஓட்டத் தெரிந்தவர் நீங்கள். டொமைன் எப்போது காலாவதி என்று முதலில் பாருங்கள். நீங்கள் இருவரும் நோட்டீஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போது அது காலாவதியாகி நீக்கப்பட்டால், டாட் காம் பெயர் என்றால் மீட்க 30 நாள்தான், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் ‘சர்வரை ஒப்படைக்கிறேன்’ என்று ஒரே வரியில் எழுதி விடாதீர்கள். டொமைன் கணக்கு, டொமைனை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ், பேக்கப், ஓடிபி வரும் போன் எண், பேமெண்ட் கேட்வே, எந்தத் தேதிக்குள் எது யார் பெயருக்கு மாறும் என்று தனித்தனியாக இருக்கட்டும். கடையை நீங்கள் எடுத்துக்கொள்வதானால், அவருக்குத் தர வேண்டிய தொகையை ஒப்படைப்போடு சேர்த்துத் தவணையாக வையுங்கள், முன்பணமாக முழுதும் கொடுத்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் ஏற்கெனவே போட்டிருந்தாலும் 66 சமரசத்துக்கு உரிய குற்றம்தான், 77ஏ பிரிவில் வழி இருக்கிறது.

நோட்டீசுக்கு நீங்களே பதில் எழுத வேண்டாம். ‘ஆமாம், என் உரிமை என்பதால் உள்ளே போனேன்’ என்று கோபத்தில் எழுதப்பட்ட பதில்கள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன. அந்த எஸ்எஸ்எச் சாவியை இனி பயன்படுத்த மாட்டேன், நீக்கிவிடுங்கள் என்று உங்கள் வக்கீல் மூலம் நாளைக்கே எழுதி அனுப்புங்கள்.