சாலை உயர்கிறது, வாசல் தாழ்கிறது: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வர வேண்டும். அதன்பின் நான்கு முறை தார் போட்டுவிட்டார்கள்; இப்போது ஒரு படிதான் மிச்சம். 2024 பெஞ்சல் புயல் மழையில் கூடத்திலேயே தண்ணீர் நின்றது. மீண்டும் சாலை போடுவதற்காக அளவெடுத்துச் சென்றிருக்கிறார்கள். நாங்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?
ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அளவெடுத்துப் போயிருக்கிறார்கள் என்றால் மதிப்பீடு, அதாவது என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்ற கணக்கு, தயாராகிறது என்று பொருள், நீங்கள் பேச வேண்டிய நேரம் இதுதான். ஒப்பந்தம் முடிவானபின் கேட்டால், மதிப்பீட்டில் இல்லாத வேலையைச் செய்ய முடியாது என்ற பதிலே கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பதுபோல் புதுச்சேரியில் தனி நெடுஞ்சாலைத் துறை இல்லை. முக்கியச் சாலைகள் பொதுப்பணித் துறையிடமும், உங்கள் பகுதியின் உட்தெருக்கள் பெரும்பாலும் உழவர்கரை நகராட்சியிடமும் உள்ளன. உங்கள் தெரு எவருடையது என்பதை முதலில் இளநிலைப் பொறியாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மனுவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழைய தார்த்தளத்தை இயந்திரத்தால் சுரண்டி எடுக்கும் 'மில்லிங்' வேலை மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஒரு தார் அடுக்கு 4 செ.மீ. என்று கொண்டாலும் நான்கு முறையில் 16 செ.மீ. ஆகிறது; நீங்கள் இழந்த படியின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சுரண்டாமல் மேலே போடுவதால் சாலைக்கும் நன்மையில்லை, ஏனெனில் அடியிலுள்ள வெடிப்புகள் சில ஆண்டுகளில் புதிய தளத்திலும் தலைகாட்டும். அவற்றின் வழியே இறங்கும் நீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டிய பிறகே புதுத்தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அது கடலூருக்குப் பொருந்தும். யூனியன் பிரதேசமான புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இங்கே நாம்தான் வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

சாலையின் சரிவையும் கவனியுங்கள். மழை மிகுந்த பகுதியில் தார்ச்சாலைக்கு 2.5 சதவீதச் சரிவு தேவை. 7 மீட்டர் அகலச் சாலையானால் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சுமார் 9 செ.மீ. உயர்ந்திருக்கும். அப்படி ஓடிவரும் நீரை வாங்கிக்கொள்ள வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சரிவே நீரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும்.

எழுத்து மூலம் பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் நகலையும், சாலையின் இப்போதைய மட்டத்தையும் புதிய மட்டத்தையும் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வாசற்படிக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உயரத்தை இன்றே டேப் வைத்து அளந்து, தேதியுடன் படமெடுத்து மனுவோடு இணையுங்கள். தெருவார் அனைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.