ஹார்ன்பில் விழா – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டிசம்பரில் தோழிகள் மூவரோடு நாகாலாந்து போய் வந்தேன். பல வருஷமாக ஆசைப்பட்டுச் சேர்த்து வைத்த பணத்தில் போன பயணம். கோஹிமா பக்கத்துக் கிசாமாவில் ஹார்ன்பில் விழா மூன்று நாள், கொனோமா கிராமத்தில் ஓர் இரவு, கோஹிமாவில் போர்க் கல்லறை. கொனோமா பிடித்திருந்தது. ஆனால் விழா ஏமாற்றம்தான். ஒலிபெருக்கியில் ஆங்கில அறிவிப்பு, ஒவ்வொரு நடனத்துக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு, ஆடி முடித்ததும் தலையணியைக் கழற்றி வைத்துவிட்டு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு செல்போன் பார்க்கும் பையன்கள். தலையில் வைத்த இறகுகூடப் பல பேருக்கு அசல் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் நாடகம் என்றே பட்டது. அசல் நாகா வாழ்க்கையை எங்கே போய்ப் பார்ப்பது? மியான்மர் எல்லை ஊரான லோங்வாவில் தலைவேட்டை ஆடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்களாம், விழாவுக்குப் பதில் அங்கே போயிருக்க வேண்டுமா? மறுபடி போவதென்றால் எப்போது போகலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதல்முறை போனபோது நானும் கிசாமாவில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கேமராக்காரர்கள் முன்வரிசையை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இது நமக்காகப் போட்ட மேடை என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாம் நாள் இடம் கிடைக்காமல் பின்னால் மேல்படிக்குப் போனேன். பக்கத்தில் மொகொக்சுங் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஆவோ என்ற நாகா இனத்துப் பாட்டியும் பேத்தியும். பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கீழே கொன்யாக் என்ற இன்னொரு நாகா இனத்து ஆட்கள் வரிசையாக வந்து நாட்டுத் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார்கள், பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார், என்னமோ சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "கொன்யாக் ஆட்டத்தை இப்பத்தான் முதல்தடவை பாக்கறாங்களாம்." இத்தனைக்கும் கொன்யாக் நாடு அந்த அம்மாவின் ஊருக்கு அடுத்த அடுத்த மலைதான்.

நாகா ஊர்கள் ஏன் மலை உச்சியில் இருக்கின்றன என்று கொனோமாவில் கேட்டிருப்பீர்கள். தற்காப்பு. கல் சுவர், கனமான மரக்கதவு வைத்த வாசல், வாசலை ஒட்டி இளைஞர்கள் தங்கிக் காவல் காக்கும் மொருங். அடுத்த மலையில் இருப்பவன் பெரும்பாலும் பகையாளி, அவன் ஊர்த் திருவிழாவுக்கு யாரும் விருந்தாளியாகப் போனதில்லை. மொழியும் அப்படியே. ஓர் அங்காமியும் ஓர் ஆவோவும் அவரவர் மொழியில் பேசினால் ஒரு வார்த்தை புரியாது, அஸ்ஸாமிய மொழியின் அடிப்படையில் வளர்ந்த நாகாமீஸ்தான் சந்தையிலும் பஸ்ஸிலும் பொதுமொழி, அரசாங்க மொழி ஆங்கிலம். நீங்கள் குறைபட்டுக்கொண்ட அந்த ஆங்கில அறிவிப்பு உங்களுக்காகச் செய்ததில்லை கே. அங்கே மேல்படியில் உட்கார்ந்திருந்த சூமி, லோதா, சாங், போம் இளைஞர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் புரிவது அதுதான்.

2000ஆம் ஆண்டில் மாநில அரசு இந்த விழாவை ஆரம்பித்தபோது அது தொடங்கும் நாளாக டிசம்பர் 1 என்று வைத்ததிலேயே விஷயம் இருக்கிறது. 1963இல் நாகாலாந்து தனி மாநிலமான நாள் அது. அந்தந்த இனத்துக்கு அவரவர் மாதத்தில் அவரவர் திருவிழா உண்டு: அங்காமிக்கு பிப்ரவரியில் செக்ரேன்யி, கொன்யாக்குக்கு ஏப்ரலில் ஆவோலிங், ஆவோவுக்கு மே மாதம் மோவாட்சு, சூமிக்கு ஜூலையில் துலுனி, லோதாவுக்கு நவம்பரில் தோக்கு எமோங். எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவதற்கு என்று ஒரு விழா மரபில் கிடையாது, இருக்கவும் முடியாது. அதனால் ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். இடத்தின் பெயரே சேர்த்துக் கட்டியதுதான். கிக்வேமா, பேசாமா என்ற இரண்டு ஊர்களின் பெயரிலிருந்து கி, சா, அதோடு ஊர் என்று பொருள்படும் மா. அரசு போட்ட விழா, சுற்றுலாத் துறையும் சேர்ந்து நடத்தும் விழா, வியாபாரம் இருக்கிறது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் நாம் அதில் ஓரத்து விருந்தாளிகள் மட்டும்தான்.

2021இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் விழா தொடங்கி நாலாம் நாள், டிசம்பர் 4 அன்று மாலை, மோன் மாவட்டம் ஓட்டிங் அருகே சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆறு கொன்யாக் இளைஞர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அன்று இரவும் மறுநாளும் நடந்ததோடு சேர்த்து இறந்த பொதுமக்கள் 14 பேர். கிசாமாவில் பல இனத்தார் விழாத் திடலில் தங்களுக்கென்று கட்டியிருந்த மொருங்குகளில் கறுப்புக் கொடி ஏற்றினார்கள், ஆட மறுத்தார்கள். டிசம்பர் 7ஆம் தேதி மாநில அரசு மிச்ச நாட்களை ரத்து செய்தது. ஒரு காலத்தில் கொன்யாக் ஊரோடு சண்டை போட்ட இனங்களின் பிள்ளைகள் கொன்யாக் சாவுக்காகக் கறுப்புக் கொடி கட்டினார்கள் கே. வெறும் நாடகமேடை என்றால் அங்கே எதற்குக் கறுப்புக் கொடி? எனக்கு அந்த விழா என்னவென்று புரிந்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

ஜீன்ஸ் பையன்களுக்கு வருகிறேன். மொருங் என்பது வெறும் காவல் வீடாக இருக்கவில்லை, பையன்கள் சிறுவயதிலேயே போய்த் தங்கி, பாட்டும் கதையும் கூடை முடைவதும் சண்டையும் கற்ற இடம். 1872இல் அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் ஒருவர் ஆவோ மலைக்கு வந்ததிலிருந்து தொடங்கியது கிறிஸ்தவம். 2011 கணக்கெடுப்பின்படி நாகாலாந்தில் நூற்றுக்கு 88 பேர் கிறிஸ்தவர்கள். மொருங்கையும் அரிசி பீரையும் பழைய பாட்டுகளையும் மிஷனரிகள் விரும்பவில்லை, பல ஊர்களில் மொருங் ஒரு தலைமுறைக்குள் காலியாகிவிட்டது. அதே மிஷனரிகள்தான் எழுத்தும் பள்ளிக்கூடமும் கொண்டு வந்தார்கள், அதனால் இன்றைய நாகாக்கள் இதை ஒரே தீர்ப்பில் முடிப்பதில்லை, நாமும் முடிக்க வேண்டியதில்லை. நான் பேசிய ஒரு போம் பையன், திமாப்பூரில் கல்லூரியில் படிப்பவன், விழாவுக்கு முந்தைய இரண்டு மாதமும் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் பாட்டு கற்றதாகச் சொன்னான். தேவாலயத்தில் நாலு குரலில் பாடித் தேர்ந்தவனுக்குத் தாத்தாவின் பாட்டில் மூச்சு விடும் இடம் பிடிபடவே மூன்று வாரம் ஆனதாம். அவன் தலையணியைக் கழற்றிவிட்டு செல்போனை எடுத்தால் எடுக்கட்டும். காலையில் பாடிய பாட்டும் அவனுடையது, சாயங்காலம் கோஹிமாவில் போய் வாசிக்கப்போகும் கிட்டாரும் அவனுடையது.

இறகு அசல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கோவைக்காரர் நீங்கள், வால்பாறை போயிருப்பீர்கள். அங்கே ரயில் போவதுபோல் சிறகோசை கேட்டு நிமிர்ந்தால் தெரியுமே இருவாச்சி, அந்தப் பெரிய இருவாச்சிதான் இங்கே ஹார்ன்பில். விழாவின் பெயரும் அதுதான், தலையணிக்கு வேண்டியதும் அதன் வால் இறகுதான், வெள்ளையில் நடுவே கறுப்புப் பட்டை. ஒரு பறவையின் வாலில் பத்து இறகு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையோடு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும், ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தச் சின்ன இடுக்கு வழியாக ஊட்டும். அந்த ஆணைச் சுட்டால் உள்ளே இருப்பதும் குஞ்சும் சேர்ந்து போகும். நாகா மலைகளில் இருவாச்சி இன்று அரிது. செயற்கை இறகு வைத்த தலையணியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஆட முடிவெடுத்தவர்களை நினைத்தும்.

கொனோமா உங்களுக்குப் பிடித்ததாக ஒரே வரியில் எழுதி நிறுத்திவிட்டீர்கள். அங்கே வயல் பக்கம் போனீர்களா? ஆள் உயரத்தில் வெட்டிய, தலையில் முண்டும் முடிச்சுமாக நிற்கும் ஆல்டர் மரங்களைப் பார்த்திருப்பீர்கள், பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். மற்ற மலைகளில் ஜூம் சாகுபடி என்றால் காட்டை அடியோடு வெட்டி எரித்து விதைப்பது, பிறகு பல வருஷம் நிலத்தைச் சும்மா விடுவது. கொனோமாவில் ஆல்டரை அடியோடு வெட்டுவதில்லை, தலையை மட்டும் வெட்டுவார்கள். கிளை விறகாகும், இலையும் சாம்பலும் மண்ணுக்குப் போகும், வேர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலத்துக்குத் தரும். இரண்டு வருஷம் பயிர், பிறகு மரம் மறுபடி தழைக்கச் சில வருஷம், திரும்ப வெட்டு. கொள்ளுத்தாத்தா வெட்டிய அதே மரத்தைப் பேரனும் வெட்டுகிறான். அசல் நாகா வாழ்க்கை எங்கே என்று கேட்டீர்களே, அதன் மேல் கை வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அதே ஊர்தான் 1879இல் பிரிட்டிஷ் அதிகாரி டாமன்ட்டைக் கொன்றுவிட்டு, மாதக்கணக்கில் பட்டாளத்தை எதிர்த்து நின்றது. நாகா தேசிய இயக்கத்தின் தலைவர் பிசோ பிறந்த ஊரும் அதுதான். அதே ஊர் 1998இல் தன் காட்டில் வேட்டையை நிறுத்தியது. வேட்டை என்பது அங்கே சாப்பாடும் ஆண்பிள்ளையின் பெருமையும். வனத்துறை வந்து தடுப்பதும் எளிதில்லை, நிலமும் காடும் ஊருடையது, அரசியல் சாசனத்தின் 371ஏ பிரிவு அதற்குக் காவல் இருக்கிறது. ஊருக்குள்ளேயே வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, பேசி, ஒத்துக்கொண்டு நிறுத்தினார்கள். ட்ராகோபன் என்ற காட்டுக்கோழி இனம் அங்கே பிழைத்திருப்பது அதனால்தான். நான் தங்கிய வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் பன்றிக்கறி புகையில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருக்க, வீட்டுக்காரப் பெரியவர் தன் பழைய துப்பாக்கியைக் காட்டினார். ஆசையாகத்தான் காட்டினார். சுட்டுப் பல வருஷம் ஆகிறது என்றார்.

சரி, லோங்வா. போகலாம், தப்பில்லை. கோஹிமாவிலிருந்து மோன் போகவே ஒரு முழு நாள் வேண்டும், அங்கிருந்து லோங்வா இன்னும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், முதுகு தாங்க வேண்டும். ஆனால் தலைவேட்டை முதியவர்களைப் பார்ப்பதற்காகப் போகாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் பச்சை குத்திய அந்தத் தாத்தாக்கள் இன்று எண்பது தொண்ணூறு வயதில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி வண்டியாக ஆட்கள் இறங்கி, காசு கொடுத்து, தோள் துணியை எடுக்கச் சொல்லி, எத்தனை தலை எடுத்தாய் என்று கேட்கிறார்கள். அபின் புகைக்கும் முதியவரை அப்படியே படமெடுத்துப் போடுகிறார்கள். அபின் அந்த ஊர்க் குடும்பங்களைத் தின்ற நோய். நம் வீட்டுத் தாத்தாவின் எதிரே முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று இப்படிக் கேட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

போனால் அங்கின் வீட்டுக்குப் போங்கள். அங் என்றால் கொன்யாக் தலைவர். இந்தியா மியான்மர் எல்லைக்கோடு அந்த வீட்டுக்குள்ளேயே போகிறது, ஊரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. கோடு போட்டவர்கள் ஊரைக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தின் வீடு இங்கே, வயல் அங்கே. 2024 பிப்ரவரியில் எல்லை தாண்டிப் போய்வரும் ஏற்பாட்டை நிறுத்துவதாகவும் வேலி போடப்போவதாகவும் மத்திய அரசு அறிவித்தபோது லோங்வாக்காரர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: உங்கள் வயல் எந்தப் பக்கம், வேலி வந்தால் எப்படிப் போவீர்கள்? கேட்டுப் பாருங்கள், உட்காரச் சொல்லிக் கறுப்புத் தேநீர் கொடுத்து அரை நாள் பேசுவார்கள்.

மறுபடி எப்போது போவது என்றால், பிப்ரவரி கடைசி வாரம் என்று சொல்வேன். 25ஆம் தேதி வாக்கில் அங்காமி ஊர்களில் செக்ரேன்யி. அதிகாலையில் ஆண்கள் ஊர்க் கிணற்றுக்குப் போய்க் குளித்துத் தங்களைச் சுத்தம் செய்துகொள்ளும் சடங்கு உண்டு, அதில் எட்டிப் பார்க்காதீர்கள். அப்புறம் வரும் தெக்ரா ஹியே நாளில் ஊர் இளைஞர்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய பாட்டுகளைப் பாடுவார்கள், முன்னால் இறைச்சித் தட்டும் அரிசி பீரும் இருக்கும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கொனோமாவில் நீங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கே போன் செய்து கேளுங்கள், எந்த ஊரில் இந்த வருஷம் பாடுகிறார்கள், விருந்தாளி வரலாமா என்று. ஞாயிற்றுக்கிழமை பயணம் வைக்காதீர்கள், எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள், கடை திறக்காது. இருட்டும் சீக்கிரம் விழுந்துவிடும்.

உங்கள் ஊர் வழியாகவே போகும் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் திமாப்பூரில் நிற்கும். மூன்று நாள் ஆகும், ஆனால் கோவை வெயிலிலிருந்து பிரம்மபுத்திரா வரை ஜன்னல் ஓரம் கிடைக்கும். போகும்போது கொனோமா வீட்டு அம்மாவுக்கு நல்ல காப்பிப்பொடி ஒரு கிலோ எடுத்துப் போங்கள்.

அன்புடன்